கிண்டி கிட்டுமா, டீச்சரே?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கழற்ற இடம் இருக்காது. குமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்நகர், குறும்பனை, மிடாலம் என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். சிலரோடு அம்மா, சிலரோடு மாமன். அப்பா கல்ஃபில் இருந்தால் கையில் வீடியோ கால். நான் முப்பத்தொரு வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பாடத்தில் சந்தேகம் கேட்க இப்போது யாரும் வருவதில்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று: "டீச்சரே, கிண்டி கிட்டுமா?"

மார்க்கைக் கேட்ட வாக்கில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதெல்லாம் வந்தவர்களுக்கு ஒரு கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்துவிட்டு, பழைய மாதக் காலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுப்பேன். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே போடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மொத்த மார்க்கை மறக்க வேண்டும். "அறுநூறுக்கு 582 டீச்சரே" என்று அம்மா ஆரம்பிப்பாள். அதில் தமிழ் 98, ஆங்கிலம் 97, கம்ப்யூட்டர் சயின்ஸ் 97. பொறியியல் கலந்தாய்வில் இந்த மூன்றும் கட் ஆஃபுக்குள், அதாவது சேர்க்கைக்குக் கணக்கிடும் மார்க்குக்குள், வராது. கணிதம் நூறுக்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக இருநூறு. கணிதம் 98, இயற்பியல் 95, வேதியியல் 97 என்றால் 98, 47.5, 48.5, கூட்டினால் 194. பக்கத்து வீட்டுப் பையன் 571தான் எடுத்திருப்பான். ஆனால் கணிதம் 100, இயற்பியல் 97, வேதியியல் 98 என்றால் அவன் கட் ஆஃப் 197.5. இனிப்பு கொடுத்தது இந்த வீடு, வரிசையில் முன்னால் நிற்பது அந்த வீடு.

கட் ஆஃப் அரை மார்க் படிகளில்தான் ஏறி இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் கூட்டம் நிற்கும். ஒரே கட் ஆஃப் உள்ளவர்களில் கணித மார்க் கூடியவர் முன்னால். அதுவும் சமம் என்றால் இயற்பியல். எதிலும் தீராவிட்டால் கடைசியில் குலுக்கல் போல விழும் ரேண்டம் எண் வரை போகும். ஆகவே "194" என்று சொல்வது போதாது. 194-ல் கணிதம் எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எந்தக் கிண்டி? சிரிக்காதீர்கள். "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ் கிட்டியாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு பார்த்தால் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்ற ஏதோ ஒரு தனியார் கல்லூரியாக இருக்கும். இணைப்புக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நாகர்கோவில் கோணத்தில் இருப்பது பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி. நல்ல இடம்தான், ஆனால் அங்கே இடம் முடிகிற கட் ஆஃப் வேறு. நான் கிண்டி என்று சொல்வது 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரியை. கலந்தாய்வில் அதன் எண் 1. அதே வளாகத்தில் உள்ள ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. கல்லூரிப் பெயரை நம்புவதைவிட இந்த எண்ணைப் பார்த்துப் பழகினால் ஏமாற மாட்டீர்கள்.

இனி வரிசைக்கு வருவோம். கணக்கில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரே கல்லூரிக்குள் போகப் பல வாசல்கள் உண்டு. நூறு இடத்தில் 31 பொதுப் போட்டிக்கு. மீதி 69: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. பொதுப் போட்டி என்றால் ஓசிக்காரர்களுக்கு (எந்த ஒதுக்கீட்டிலும் வராதவர்களுக்கு) மட்டுமான இடம் என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அது எல்லோருக்கும் உள்ள வாசல். ஒரு பிசி பிள்ளைக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. பொதுவில் கிடைக்காவிட்டால் தன் பிரிவில் கிடைக்கலாம். ஓசி பிள்ளைக்கு ஒரே வாசல். எனவே போன வருஷங்களில் இடம் எங்கே முடிந்தது என்று இனவாரியாகப் பத்தி பிரித்துப் போட்ட பழைய பட்டியலைப் பார்க்கும்போது முதலில் பொதுப் பத்தி, பிறகு உங்கள் இனத்தின் பத்தி.

உங்கள் பத்தி எது என்பதைச் சான்றிதழைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் பேசிக்கொள்வது வேறாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம்: எஸ்சியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் மாநிலப் பட்டியலில் பிசியில் வருகின்றன. சான்றிதழில் உள்ளதை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

இன்னொரு வாசல், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம். பொறியியலுக்கு 2021-லிருந்து உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு.) இதில்தான் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கூட்டமாக ஏமாறுகிறார்கள். இங்கே மிஷன் பள்ளி, சபைப் பள்ளி என்று எங்கு பார்த்தாலும் அரசு உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, மதியச் சோறும் அரசு போடுகிறது. ஆனால் இந்த 7.5-க்கு அது அரசுப் பள்ளி இல்லை. நானே அப்படி ஒரு பள்ளியில்தான் வாழ்க்கை முழுக்க வேலை பார்த்தேன். எதிர்த்த தெரு அரசுப் பள்ளிப் பிள்ளை வேறு வாசலில் உள்ளே போவதையும், அதே கடற்கரையிலிருந்து வந்த என் பிள்ளை வெளியே நிற்பதையும் பார்க்க எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. கசப்பு கணக்கை மாற்றாது. ஆனால் அந்த வாசல் உங்களுக்கு உண்டு என்றால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதில் நுழைகிறவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இப்போது நான் கவிழ்ந்த கதை. 2025-ல் ரிசல்ட் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 2024-ல் மாநிலம் முழுக்க வேதியியலில் நூறுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர். 2025-ல் 3,181! என் பாடம் அல்லவா, நானே லட்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று வந்த ஒரு பையன் கிண்டியில் மெக்கானிக்கல் கிட்டுமா என்று கேட்டான். 2024-ன் பட்டியலில் அந்தப் பிரிவு முடிந்த கடைசி மார்க்கைப் பார்த்தேன். இவனுக்கு அதைவிட ஒரு மார்க் கூடுதல். "பெட்டியைக் கட்டு மக்களே" என்று சொல்லிவிட்டேன்.

கிட்டவில்லை. அவன் கோயம்புத்தூருக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவன் அம்மா இரண்டு மாசம் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தால் சிரிப்புதான் வந்தது. எந்த 3,181-க்கு லட்டு கொடுத்தேனோ, அதே 3,181 பேர்தான் அவனுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். கட் ஆஃப் முழுசாக 200 வாங்கியவர்கள் 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்களும் ஏறக்குறைய இரண்டு லட்சத்திலிருந்து 2 லட்சத்து 41 ஆயிரமாக ஏறியிருந்தார்கள். வினாத்தாள் இளகினால் மார்க் வீங்கும். போன வருஷத்து 194-ம் இந்த வருஷத்து 194-ம் ஒரே பெயருள்ள இரண்டு ஆட்கள். 2021 பட்டியலையோ தொடவே வேண்டாம். அந்த வருஷம் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, பழைய வகுப்பு மார்க்குகளைச் சேர்த்துக் கட்டிய மார்க் அது.

அதற்குப் பிறகு நான் மார்க்கை மார்க்கோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுகிறேன். வினாத்தாள் எளிதோ கடினமோ, ஒரு பிரிவில் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. ஆயிரமாவது ஆள் ஆயிரமாவது ஆள்தான். ரிசல்ட் அன்றைக்கே பதில் வேண்டும் என்று துடிப்பதில் பொருளில்லை. தரவரிசைப் பட்டியல் வந்த பிறகுதான் கல்லூரி விருப்பம் பதிகிறோம். பட்டியலில் பொது ரேங்க், இன ரேங்க் இரண்டும் இருக்கும். கலந்தாய்வு இணையதளத்திலேயே முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இனத்தில், எந்த ரேங்கோடு முடிந்தது என்று கிடைக்கிறது.

தாளில் மூன்று வருஷக் கடைசி ரேங்கை எழுதுங்கள். ஒரு பிரிவு உங்கள் பத்தியில் 900, 1,100, 1,250 என்று முடிந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் ரேங்க் 800 என்றால் நான் "கிட்டும்" என்று எழுதுவேன். 1,050 என்றால் "கிட்டலாம்". 1,400 என்றால் "ஆசைக்குப் போடு". இந்த மூன்று பதில்தான் என்னிடம் உண்டு. எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்று வாய்ப்பை அளந்து சொல்கிறவர்களிடம் எந்தத் தராசு இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு தப்புக் கணக்கு உண்டு. "முன்னால நிக்கியவங்கள்ல பாதிப் பேரு ஐஐடிக்கும் டாக்டருக்கும் போயிருவாங்க டீச்சரே, அப்பம் நமக்கு இன்னும் மேல வருமே" என்பார்கள். போவார்கள், உண்மைதான். ஆனால் போன வருஷமும் போனார்கள். அப்படிப் போனது போக முடிந்ததுதான் அந்தக் கடைசி ரேங்க். அதிலிருந்து இன்னொரு தடவை ஆளைக் கழிக்காதீர்கள்.

கிண்டி என்பது ஒரு சீட் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸும் எலக்ட்ரானிக்ஸும் முடிகிற ரேங்கைப் பார்த்துவிட்டு "கிண்டி எட்டாது" என்று திரும்பிப் போகிறார்கள். அதே வளாகத்தில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கிறது, சுரங்கவியல் இருக்கிறது, அச்சும் பேக்கேஜிங்கும் இருக்கிறது, வேளாண் பாசனப் பொறியியல் இருக்கிறது. இவை முடிகிற ரேங்க் பல மடங்கு தள்ளி இருக்கும். போன தடவை குலசேகரத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா விடியுமுன் ரப்பர் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு, கையில் அந்த வாடை போகாமலே வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. எம்.ஐ.டி. பட்டியலில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன்: ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "இதுக்குமா படிப்பு உண்டு?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ரப்பரே வேண்டாம் என்றிருந்தது. அவன் பக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பிரிவு என்பது வீட்டுச் சண்டை. அதற்குள் நான் நுழைவதில்லை. வாய்ப்பு இருக்கிறதா என்று மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

விருப்பப் பட்டியலை அடுக்குவதிலும் வாய்ப்பு தொலைகிறது. பலரும் "கிட்டும்" என்பதை மேலே வைத்து, "ஆசைக்கு" என்பதைக் கீழே வைக்கிறார்கள், மேலே வைத்தால் சீட் வீணாகிவிடும் என்ற பயத்தில். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கி, முதலில் காலியாக உள்ளதைக் கொடுக்கும். கிடைக்காத ஒன்றை மேலே வைப்பதால் கீழே உள்ளது போய்விடாது. எளிதில் கிட்டுவதை மேலே வைத்தால், அதோடு நின்றுவிடும். கீழே இருந்த கிண்டியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. பிடித்த வரிசையில் அடுக்குங்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பதினைந்தோடு நிறுத்திவிட்டு எதுவும் கிட்டாமல் அடுத்த சுற்றுக்குப் போனவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

ஐஐடி கேட்டு வருகிறவர்கள் குறைவு, ஆனால் வருகிறார்கள். "99 எடுத்திருக்கேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது மார்க் இல்லை, பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குப் பின்னால் என்பது. நூறிலிருந்து அதைக் கழித்து, எழுதியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி நூறால் வகுத்தால் ஏறக்குறைய ரேங்க் வரும். ஐஐடிக்குப் போக முதலில் எழுதும் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினை 2025-ல் எழுதியவர்கள் சுமார் 14.75 லட்சம். 99 என்றால் உங்களுக்கு முன்னால் 14,750 பேர். அப்பா முகம் அங்கேயே வாடும். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் இரண்டாம் கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுத அனுமதி. 2025-ல் எழுதியவர்கள் 1,80,422, தேறியவர்கள் 54,378, எல்லா ஐஐடியும் சேர்த்து இடம் 18,160. அதாவது தேறிய மூன்று பேரில் ஒருவருக்குத்தான் நாற்காலி. சென்னை ஐஐடி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் முதல் இருநூறு ரேங்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகள் பெண்களுக்கான தனிப் பத்தியைப் பார்க்க வேண்டும். அங்கே கடைசி ரேங்க் இன்னும் தள்ளிப் போகும். பல வீட்டில் அந்தப் பத்தி இருப்பதே தெரியாமல் பொதுப் பத்தியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறார்கள். ஐஐடிக்கு மாநிலத்தின் பிசி சான்றிதழ் செல்லாது, மத்திய ஓபிசி சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

பிளஸ் ஒன்னில் இருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பைச் சொல்ல ரேங்க் கிடையாது. அதற்கு நான் சொல்லும் வழி: அட்வான்ஸ்டின் பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு ஒரு தாள், இரண்டரையிலிருந்து ஐந்தரை அடுத்த தாள், செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுதட்டும். ஐந்து ஞாயிறு. வந்த ஐந்து மார்க்கில் மிக உயர்ந்ததை அடித்துவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். பிள்ளைகள் எப்போதும் அந்த உயர்ந்த ஒன்றைத்தான் தன் மார்க் என்று சொல்லும்.

எல்லை ஓரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலோ, கோச்சிங்குக்காகப் பாலாவிலோ பிளஸ் டூ சேர்க்கிறீர்கள் என்றால், என்ஐடியில் (மத்திய அரசின் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில்) சொந்த மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு எந்த மாநிலத்தில் எழுதினீர்கள் என்பதுதான் கணக்கு. வீடு குழித்துறையில் இருந்தாலும் திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டுக்கான பாதி இடங்களில் உங்களுக்குப் பங்கில்லை. கோழிக்கோடு என்ஐடியில் கேரளக்காரர்களோடு நிற்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வைத்து வரலாம். சேர்க்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கா, ஹார்வர்டு என்று கேட்டு ஒரே ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். அங்கே ரேங்க் பட்டியல் கிடையாது, கடைசி மார்க் கிடையாது. கட்டுரை, சிபாரிசுக் கடிதம் எல்லாம் பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கிற இருபது பேரில் ஒருவருக்குக்கூட இடமில்லை, வெளிநாட்டவருக்கு அதிலும் குறைவு. என் பென்சிலுக்கு அங்கே வேலை இல்லை. "ஆசைக்குப் போடு" என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக, பதிவு செய்யும் போன் நம்பர். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து அப்பாக்கள் ஆழ்கடல் வள்ளத்தில் போனால் திரும்பி வர வாரக் கணக்காகும். வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தாலும் மரியாதைக்கு அப்பா நம்பரைத்தான் கொடுத்துப் பதிகிறார்கள். விருப்பப் பட்டியல் பூட்ட வேண்டிய கடைசி நாள் சாயங்காலம் ஒரு பிள்ளை பாஸ்வேர்டை மறந்துவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். ஓடிபி போனது அப்பாவின் போனுக்கு. அந்தப் போன் டவர் எட்டாத தூரத்தில் கடலில் கிடந்தது. நல்லவேளை, அவள் தம்பிக்குப் பழைய நோட்டின் பின் அட்டையில் பாஸ்வேர்டை எழுதி வைத்த ஓர்மை வந்தது. கரையிலேயே இருக்கும் நம்பராகக் கொடுங்கள். அம்மா நம்பர் போதும்.